கல்விளக்கிடம் சொன்ன சொல்

அந்த ஜப்பானிய அனிமேஷன் படத்தை என் மகள் ஜோவானா எத்தனை தடவை பார்த்தாள் என்று கேட்காதீர்கள், எனக்கே மனப்பாடம். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கதாநாயகியைப் பிடிக்கலாம், டிராகனைப் பிடிக்கலாம். இவளுக்குப் பிடித்தது ஓரமாக வரும் ஒரு கல்விளக்கு. சூனியக்காரி ஒரு படகோட்டியை அப்படி ஆக்கிவிடுகிறாள். கதாநாயகி அவனிடம் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். படம் முழுக்க அவன் பனியில் நிற்கிறான். கடைசியில் அவள் வந்து தொட்டதும் மனிதனாகிறான்.

இங்கே அமெரிக்காவில், எங்கள் எடிசன் அபார்ட்மெண்ட் ஜன்னலில் ஜோவானாவும் அப்படித்தான் நிற்பாள். அவள் அப்பா ஆட்ரியன் போன வருடம் வேலை என்று டெக்சஸ் போனார். இப்போது அங்கே வேறொருத்தியோடு குடித்தனம். அதை என்னிடம் போனில் கூசாமல் சொன்ன மனுஷனுக்கு, மகளிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அந்த வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்.

மாதக் கடைசியில் சின்ன வீட்டுக்கு மாறவேண்டும். நான் பெட்டி கட்டக் கட்ட, ஜோவானா தன் பொம்மைகளை வெளியே எடுத்துப் போட்டாள்.

"நோ, அம்மா! டாடி வில் கம் ஹியர்."

"அப்பா இனிமே வரமாட்டார்டி."

"ஹீ வில்! டோர் கிட்ட நின்னு சொன்னாரு. ஹீ செட் 'வரேன்'."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது ஆட்ரியன் "வரேன்டா செல்லம்" என்றது உண்மைதான். நம்மில் யார் வாசலில் நின்று "போறேன்" என்கிறோம்? பழக்கதோஷத்தில் அவர் உதிர்த்த ஒரு சொல்லை, என் பிள்ளை சத்தியமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாவி மனுஷன்.

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஜோ, கிளம்பும்போது 'போறேன்'னு சொல்றது நல்லதில்லைன்னு நம்ம ஆளுங்க நினைப்பாங்க. அதனால 'வரேன்'னு சொல்லுவாங்க. ஆனா மீனிங் பை தான்."

"எவ்ரிபடி?"

"எல்லாரும்தான். திரும்பி வராதவங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அணைத்துக்கொண்டிருப்பேன். டிவியில் அதே படம். கல்விளக்கின் தலையில் பனி ஏறிக்கொண்டிருந்தது. கதாநாயகி வருவதற்குள் ஜோவானா ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள்.

"அம்மா, ஜப்பான்லயும் அப்படித்தான் சொல்லுவாங்களா?"

எப்போதும் இங்கிலீஷ் கலந்தே பதில் சொல்கிறவள், முழுசாகத் தமிழில் கேட்டாள். என் ஆபீசில் ஒரு ஜப்பானியப் பெண் இருக்கிறாள். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர்களும் "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார்களாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமாடா."

நின்றுபோன படத்தை அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ அவ பை தான் சொல்லியிருக்கா" என்றாள். "அது தெரியாம இவன் லூசு மாதிரி நிக்கிறான்."