யாரும் தொடாத எண்

"ஆயிரத்து நானூறுன்னு வெச்சா என்ன குடி முழுகிடும்? ஒருத்தர் சொல்லுங்க பாப்போம்," என்றான் லாக்லன். மதியம் தின்ற, சிப்பிக்கறி அடைத்த 'பை' பலகாரத்தின் மசாலா அவன் தாடியில் மஞ்சளாக ஒட்டியிருந்தது.

"முதல்ல தாடியைத் துடை. முழுகறதைப் பத்தி அப்புறம் பேசலாம்," என்றாள் கூட்டத்தை நடத்திய க்ளெனிஸ்.

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிடங்கின் மாடி. அங்கேதான் ஒரு கணினி நிரலை எழுதுகிறவர்கள் கூடுவார்கள். நிரல் செய்கிற வேலை ஒன்றுதான். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகவேண்டியதைப் பாக்கெட் பாக்கெட்டாக நறுக்கி அனுப்பி, மறுமுனையில் ஒட்டிக் கொடுக்கும். ஒரு பாக்கெட் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதற்கு உள்ளே ஓர் எண் உண்டு. வேண்டியவர்கள் அதை மாற்றிக்கொள்ளலாம். யாரும் மாற்றுவதில்லை. எழுதியவர்கள் வைத்த எண்தான் எங்கேயும் ஓடிக்கொண்டிருக்கும். டீஃபால்ட் என்று சொல்வது அதைத்தான். அன்றுவரை அது ஆயிரத்து இருநூறு பைட்.

"பாக்கெட் பெருசானா எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைஞ்சா மெஷினுக்கு வேலை மிச்சம். ஹோபார்ட்ல அளந்தேன், மெல்போர்ன்ல அளந்தேன், ஆக்லாந்துல அளந்தேன். எல்லா இடத்துலயும் வேகம் கூடுது," என்றான் லாக்லன்.

"மூணுமே நல்ல கேபிள் இருக்கிற ஊரு," என்றார் மெர்வ். அவருக்கு ஜலதோஷம். ஹீட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். "உன் வீட்டுக் குழாய்ல தண்ணி வருது, அதனால ஊர்ல பஞ்சமே இல்லைங்கற."

"மெர்வ், உனக்கு 1990-லேர்ந்து எதுவுமே மாறக்கூடாது."

"உன் தாடியாவது மாறலாம்."

அறையில் இருந்த மற்ற நால்வரும் சிரித்தார்கள். சுவரில் இருந்த பெரிய திரையில் செய்னியும் சிரித்தாள். அவள் பசிபிக் கடலின் டோங்கா நாட்டில், வவாவு தீவில் இருந்தாள். அங்கிருந்து வடக்கே சிதறிக் கிடக்கிற தீவுகளின் மருத்துவ நிலையங்களுக்கு இணைப்பு கொடுத்துக் கட்டிக்காப்பது அவள் பொறுப்பு. அந்த நிலையங்களில் இருக்கும் பெட்டிகளில் ஓடுவது இந்த நிரல். ஹோபார்ட்டில் புதிய பதிப்பு வெளியிட்டால் பெட்டிகள் தாமாகவே இறக்கிப் போட்டுக்கொள்ளும்.

"க்ளெனிஸ், நான் பேசலாமா?" என்றாள் செய்னி. அவளுக்குப் பின்னால் ஜன்னலில் ஒரு நீலத் திரைச்சீலை காற்றில் உப்பியும் விழுந்தும் ஆடிக்கொண்டிருந்தது.

"பேசு பொண்ணே."

"எங்க லைன் சாட்டிலைட்ல போகுது. அதுமேல ஒரு உறை, அதுக்கு மேல பாதுகாப்புக்குன்னு இன்னொரு உறை. உறைக்கே கொஞ்சம் இடம் போயிடுது. ஆயிரத்து இருநூறு தாராளமா நுழையும். ஆயிரத்து நானூறு நுழையாது."

"நுழையலைன்னா, 'பெருசா இருக்கு, திரும்பிப் போ'ன்னு நடுவுல இருக்கிற கருவி சொல்லிடுமே. நிரல் தானே சின்னதாக்கிக்கும்," என்றான் லாக்லன்.

"சொல்லணும். எங்க வழியில இருக்கிறது சொல்லாது. எவனோ அந்தப் பதிலை அடைச்சு வெச்சிருக்கான். பாக்கெட்டை வாங்கும், கடல்ல போடும், வாயைத் தொறக்காது. சின்னதெல்லாம் ஒழுங்காப் போகும். அதனால திரையில 'இணைப்பு உண்டு'ன்னு பச்சையா எரியும். போன தடவை உங்க சோதனைப் பதிப்பை ஒரு தீவுல போட்டுப் பாத்தோம். கர்ப்பிணி ஒருத்தியோட ஸ்கேன் படத்தை நர்ஸ் பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு அனுப்பினா. மத்தியானம் பூரா 'அனுப்புகிறது, அனுப்புகிறது'ன்னு சுத்திக்கிட்டே இருந்துது. பச்சை விளக்கைப் பாத்து நர்ஸும் காத்துக்கிட்டே இருந்தா. கடைசியில அந்தப் பொண்ணைப் படகுல ஏத்தினாங்க, அலையில."



"பிள்ளை?" என்று மெர்வ் கேட்டார்.

"நல்லா இருக்கு. படகுலயே பொறந்துது. படகோட்டி பேரையே வெச்சுட்டாங்க."

"அப்புறம் என்ன, சுபம்," என்றான் லாக்லன். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இல்ல செய்னி, நான் அப்படிச் சொல்லல. செட்டிங்ஸ்ல ஒரே ஒரு வரி. உன் பெட்டியில மட்டும் ஆயிரத்து இருநூறுன்னு எழுதிடு. உலகம் பூரா ஏன் மெதுவா ஓடணும்?"

"எழுதலாம். யாரு போய் எழுதறது? ஒவ்வொரு தீவுக்கும் நான் படகு புடிக்கணும். புயல் மாசத்துல படகு கிடையாது. நீங்க பதிப்பு போடறது புயல் மாசத்துல."

லாக்லன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தான்.

"வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. இந்தக் கூட்டமே நம்ம நிரல்லதானே ஓடுது? இப்பவே ஆயிரத்து நானூறாக்கறேன். படம் எவ்வளவு தெளிவா வருதுன்னு நீங்களே பாருங்க."

தாங்கள் எழுதியதைத் தாங்களே முதலில் பயன்படுத்துவது அவர்கள் வழக்கம். அரைகுறையாக இருந்தாலும் தங்கள் கூட்டத்திலேயே ஓட்டிப் பார்ப்பார்கள். யாரும் தடுக்கவில்லை. அவன் சர்வரில் எண்ணை மாற்றினான்; கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் அந்த எண்தான். திரையின் மற்ற கட்டங்களில் மெல்போர்னிலிருந்து கலந்துகொண்டவர்களின் முகங்கள் பளிச்சென்று ஆயின.

"ஆமாப்பா, நல்லாத்தான் இருக்கு," என்றாள் ஒருத்தி.

"அப்ப முடிவுக்கு வரலாம்," என்றாள் க்ளெனிஸ்.

அங்கே கைதூக்கி வாக்களிப்பது கிடையாது. தலைமை வகிப்பவர் கேள்வி கேட்பார். ஒத்துக்கொள்பவர்கள் வாயை மூடிக்கொண்டு நீளமாக 'ம்ம்ம்' என்பார்கள். எந்தப் பக்கம் சத்தம் ஓங்குகிறதோ அதுதான் முடிவு. தூரத்தில் இருப்பவர்களின் 'ம்' ஒலிபெருக்கி வழியாக வரும். யார் எந்தப் பக்கம் என்று தெரியாது, அதனால் யாரும் யாரோடும் மனஸ்தாபப்படவேண்டியதில்லை.

"ஆயிரத்து நானூறு?"

'ம்ம்ம்' என்று மேசை அதிர்ந்தது.

"ஆயிரத்து இருநூறிலேயே இருக்கட்டும்னு நினைக்கிறவங்க?"

ஒரே ஒரு 'ம்ம்ம்'. மூக்கடைத்த 'ம்ம்ம்'.

"மெர்வ், அது ஜலதோஷமா, ஆதரவா?"

"ரெண்டும்."

"செய்னி சத்தமே இல்லயே," என்றாள் க்ளெனிஸ்.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. செய்னி வாயை மூடிக்கொண்டு லேசாகச் சிரித்த முகத்தோடு இருந்தாள்.

"சிரிக்கிறா. சமாதானமாயிட்டா," என்றான் லாக்லன். "அவ்வளவுதான். எழுதிக்கலாமா?"

க்ளெனிஸ் எழுதவில்லை. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தாள்.

"லாக்லன், அந்தத் திரைச்சீலையைப் பாரு."

"நீலம். நல்லா இருக்கு."

"விழலையே அது."

ஜன்னலிலிருந்து உப்பிக் கிளம்பிய சீலை செய்னியின் தோளுக்கு மேலே அந்தரத்தில் அப்படியே நின்றது.

க்ளெனிஸ் கைபேசியை எடுத்து டோங்காவுக்குப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"என்ன க்ளெனிஸ், எல்லாரும் கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க?" செய்னிக்கு மூச்சு வாங்கியது. "கேள்வி கேட்டாச்சா? உங்க சத்தம் எதுவும் வரல. லாக்லன் கம்ப்யூட்டரை இழுத்தான், அதோட நின்னு போச்சு. இந்நேரம் கேட்டிருப்பீங்கன்னு நாங்களா ரெண்டு தடவை ம்ம்னு சொல்லிட்டோம்!"

"நாங்கன்னா?"

"ஆஸ்பத்திரிப் பாடகர் குழுவைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன். சத்தம்தானே கணக்கு?"

மெர்வ் சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது.

"இது அநியாயம். அவங்கெல்லாம் ஒரு வரி நிரல் எழுதினதில்லை," என்றான் லாக்லன்.

"எழுதினவங்க மட்டும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? அவங்க படம்தான் சிக்கிக்குது," என்றாள் க்ளெனிஸ். "உன் சர்வர்ல பாரு. அவகிட்டேர்ந்து என்ன வருது?"

லாக்லன் பார்த்தான். அதிக நேரம் பார்த்தான். 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்கிற துளித்துளிப் பாக்கெட்டுகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. படமும் குரலும் ஒரே வரிசையில் வரவேண்டியவை. முன்னால் நின்ற பெரிய பாக்கெட் நகரவில்லை. பின்னால் இருந்த எதுவும் வரவில்லை.

"எச்சரிக்கை ஒண்ணுகூட வரலையே," என்றான் மெதுவாக.

கைபேசியில் செய்னி சொன்னாள், "வராதுன்னுதானே சொன்னேன்."

யாரும் அவனை ஏவவில்லை. அவனே எண்ணை அழித்து ஆயிரத்து இருநூறு என்று தட்டினான்.

திரைச்சீலை விழுந்தது. செய்னியின் முகம் குலுங்கி வேறு இடத்துக்குத் தாவியது. கையில் கைபேசியோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் வெள்ளைச் சீருடையில் ஏழெட்டுப் பேர், தேவாலயத்தில் நிற்பதுபோல வரிசையாக.

"சரி, நான் மறுபடி கேக்கணும்," என்றாள் க்ளெனிஸ்.

"எதுக்குக் கேக்கணும்? கையாலயே மாத்தியாச்சு," என்றான் லாக்லன். "நிரல் ஆயிரத்து இருநூறுல ஆரம்பிக்கட்டும். அப்புறம் கொஞ்சம் பெருசா ஒண்ணை அனுப்பிப் பாக்கட்டும். பதில் வந்தா ஏறட்டும், வரலைன்னா அங்கேயே இருக்கட்டும். அந்தப் பகுதியை நான் எழுதறேன். ஆனா ஹோபார்ட் வேகமாத்தான் இருந்துது, அதையும் எழுதிக்கோங்க."

"எழுதிக்கறேன்," என்றாள் க்ளெனிஸ்.

"க்ளெனிஸ், தயவுசெஞ்சு கேட்டுடுங்க," என்றாள் செய்னி. "வார்டை விட்டுட்டு வந்திருக்காங்க. பாடாமப் போகமாட்டாங்க."

"ஆயிரத்து இருநூறு?" என்று க்ளெனிஸ் கேட்டாள். லாக்லன் கையை நீட்டி ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தான். அப்படியும் மேசைமேல் இருந்த கரண்டிகள் நடுங்கின.