ஆறாம் நம்பர் ஜெர்சியில நான் இல்லை

சத்தியமா சொல்றேன், அந்தப் பையனோட காலை நான் உடைக்கல. செமி ஃபைனல்ல அவன் விழுந்தப்போ நான் இருபது அடி தள்ளி நின்னேன். ஆனா ரெஃப்ரி ரெட் கார்டு எழுதினது என் பேர்ல, கவின்னு. இப்ப நெனச்சாலும் ரத்தம் கொதிக்குது லா.

எங்க யுனிவர்சிட்டி டீம் ஜொகூர்ல இருபத்திரண்டு வருஷமா பந்து விளையாடுது. நாலு தடவை செமி ஃபைனல், நாலு தடவையும் தோல்வி. அதுல ஒண்ணு, இப்ப கோச்சா இருக்கிற குணாளன் சார் அந்தக் காலத்துல பெனால்ட்டியைக் கோட்டை விட்டது.

இந்தத் தடவையாச்சும் ஜெயிக்கணும்னு எங்கம்மா என் ஜெர்சியையும் செல்வா ஜெர்சியையும் மாசாயில எங்க வீட்டுப் பக்கத்துக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. செல்வா என் ரூம்மேட். பாதி நாள் எங்க வீட்டுச் சோறுதான் அவனுக்கு. பூசை முடிஞ்சு அம்மா கொடுத்தப்போ என்னோட ஆறாம் நம்பர் அவன் கைக்குப் போச்சு, அவனோட பதினாறு எனக்கு வந்துச்சு. மாத்தப் போனோம். "சாமிகிட்ட இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே போடுங்க, மாத்தினா ஆகாது"ன்னுட்டாங்க. ஒரே சைஸ், முதுகுல பேரும் கிடையாது. போட்டுட்டோம். ரெஃப்ரிகிட்ட இருந்த லிஸ்டுல மட்டும் பழைய நம்பர்.

எழுபதாவது நிமிஷம் செல்வா எதிர் டீம் பையன் ஒருத்தன் மேல ரெண்டு காலையும் நீட்டிப் பாய்ஞ்சான். எலும்பு உடைஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. ஆறாம் நம்பருக்கு ரெட் கார்டு. கடைசி நிமிஷத்துல நான் கோல் அடிச்சேன், முதல் தடவையா ஃபைனல். கோல் பதினாறாம் நம்பருக்கு. அதாவது அவன் ஹீரோ, நான் ரவுடி. அலமாக்!

கோச் என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. "உண்மையைச் சொன்னா லிஸ்டு தப்புன்னு மேட்சையே பறிச்சிடுவாங்க கவின். இருபத்திரண்டு வருஷம்டா." சரி, ஃபைனல் ஒண்ணுதானே போகுதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். அப்புறம் போட்டி நடத்துறவங்ககிட்ட இருந்து விசாரணைன்னு லெட்டர் வந்துச்சு. ஒரு வருஷம் தடை போட்டா, அடுத்த மாசம் ஜொகூர் பாரு கிளப் ஒண்ணுல எனக்குக் கிடைச்ச டிரையல் காலி. எனக்கு இது கடைசி வருஷம், வேற வழியே கிடையாது. செல்வா என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணான். "கேட்டா நானே எந்திரிச்சுச் சொல்லிடுறேன்டா."

விசாரணை அன்னிக்கு அவன் தாடியை மழிச்சுட்டு வந்தான். மூணு வருஷம் ஆசையா வளர்த்த தாடி. "என்னடா இது?"ன்னேன். "வெயில்டா"ன்னான். நானும் மடையன், சிரிச்சேன்.

உள்ளே விசாரணை நடத்துற யுவனேஸ்வரி மேடம் அடிபட்ட பையனோட கடிதத்தைப் படிச்சாங்க. "என்னை உதைச்சவனுக்குத் தாடி இருந்துச்சு." என் மூஞ்சியில எண்ணி அஞ்சு முடி இருக்காது. அப்பதான் எனக்கு உறைச்சுது.

"வீடியோல முகம் தெரியல. செல்வா, நீங்க சொல்லுங்க. உதைச்சது கவின்தானா?"

சொல்லுடா, சொல்லுடான்னு உள்ளுக்குள்ள கத்துறேன். சரியாத் தெரியலன்னு சொன்னாக்கூடப் போதும் எனக்கு.

"கவின்தான் மேடம். வேணும்னேதான் உதைச்சான். நான் தடுக்கப் போனேன்."

தடுக்கப் போனானாம்! நான் எந்திரிச்சுட்டேன். "பொய் மேடம்! உதைச்சதே இவன்தான். எங்க ஜெர்சி மாறிப்போச்சு, கோயில்ல…"

"கோயில்லயா?" மேடம் பக்கத்துல இருந்த இன்னொரு அதிகாரி சிரிச்சுட்டாரு. மேடம் கோச்சைப் பாத்தாங்க.

குணாளன் சார் மேசையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "ரெஃப்ரி எழுதினதுதான் மேடம் சரி"ன்னாரு.

ஒரு வருஷம் தடை.

வெளிய வந்தேன். பின்னாலேயே செல்வா ஓடி வந்து என் தோளைத் தட்டினான். "கப்பு ஜெயிச்சா அது உனக்குத்தான்டா மச்சான்."