நான்கு பேர் வெளியே

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தாள். பிள்ளை பெற்றவர்களுக்குத் தைரியம் சொல்வது அவள் வேலையாம். இதற்கெல்லாம் சம்பளம் கொடுப்பார்கள் என்பதை நான் நம்பவில்லை. அறையில் உட்கார்ந்ததுமே என் மகளிடம், "தாய்ப்பாலா, டின் பாலா, அது முழுக்க உங்க விருப்பம்தாம்மா" என்றாள். பிறகு ஏன் தாய்ப்பால்தான் நல்லது என்று விளக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

மகளுக்குப் பால் சரியாக ஊறவில்லை. தையல் கம்பெனியில் வேறு சீக்கிரம் வரச்சொல்லி நச்சரித்தார்கள். மடியில் குழந்தை பசியில் வீறிட்டது. மகள் பேச வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது முந்திக்கொண்டார்கள்.

"அவ இஷ்டம்தான், நான் குறுக்க நிக்கல" என்றாள் சம்பந்தியம்மா. "ஆனா என் பையன் டின் பால்ல வளர்ந்தவன். எப்படி இருக்கான் பாருங்க."

எல்லோரும் பார்த்தோம். மருமகன் புதுப் பாட்டிலின் மூடியைத் திறக்கத் தெரியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரி அம்மா பையிலிருந்து ஒரு துணிப் பொம்மையை எடுத்து, எப்படி அணைப்பது என்று காட்டினாள். பொம்மைக்குப் பசி இல்லை. சமர்த்தாக இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் குடோன் கேட்டில் காவல் நின்றவன். ஆளைப் போ என்றால் சண்டைக்கு வருவான். லாரி வருது, ஒதுங்கு என்றால் தானாகப் போய்விடுவான். "குழந்தைக்குத் துணி மாத்தணும், கொஞ்சம் வெளிய இருங்க" என்றேன். பொம்மை உட்பட எல்லோரும் போனார்கள். கதவைச் சாத்தினேன்.

"இப்ப சொல்லும்மா. உன் இஷ்டம் எதுவோ அதுதான்."

மகள் வாயைத் திறந்தாள். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ஆனா ஒண்ணு. டின் விக்கிறவனையும் நான் நம்ப மாட்டேன், அந்த அம்மாவையும் நம்ப மாட்டேன். என்னைக் கேட்டா பசும்பால்ல..."

"அப்பா" என்றாள். "நீங்களும் வெளிய போங்க."

போனேன். பின்னாலேயே தாழ்ப்பாள் விழுந்தது. வாசற்படியில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தியம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது.

"எதைக் கொடுக்கிறா?" என்று ஆஸ்பத்திரி அம்மா என் காதில் கேட்டாள்.

"பாட்டில் எங்கடா?" என்றாள் சம்பந்தியம்மா மகனிடம்.

"உள்ள இருக்கும்மா. டின்னு, வெந்நீர், எல்லாம் உள்ளதான்."

"என் பொண்ணும் உள்ளதான் இருக்கா" என்றேன்.

குழந்தை ஏப்பம் விட்டது வாசல்வரை கேட்டது. எந்தப் பால் ஏப்பம் என்று எங்கள் நான்கு பேருக்குமே தெரியவில்லை.