உமியோடு பத்தொன்பது வருஷம்

ஓய்வு பெற இன்னும் எட்டே நாள். புள்ளிவிவர அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், தனக்குப் பிறகு வரப்போகிறவருக்காகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள் தானியப் பிரிவு அதிகாரி. பழைய அறிக்கை ஒன்றின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைப் படித்தாள். பேனாவை மூடி வைத்தாள்.

இரண்டு பெரிய நாடுகள் வருஷத்துக்கு எவ்வளவு தானியம் விளைவிக்கின்றன என்று ஒப்பிட்டுக் கோடு போடுவதுதான் முப்பத்தோரு வருஷமாக அவள் வேலை. அதிகம் விளைவிக்கும் நாடு பெரியவன், அதற்கு நீலம்; மற்றது சின்னவன், அதற்குச் சிவப்பு. "என்னம்மா, உங்க பெரியவனும் சின்னவனும் இந்த வருஷம் எப்படி?" என்றுதான் டைப்பிஸ்ட் கேட்பாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சின்னவனின் சிவப்புக் கோடு விறுவிறுவென்று ஏறி, பெரியவனின் நீலக் கோட்டை வெட்டிக்கொண்டு மேலே போனது. அந்தப் படம் பள்ளிப் பாடப்புத்தகத்தில்கூட வந்தது. பெற்ற பிள்ளை ஜெயித்த மாதிரி அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பொடி எழுத்து சொன்னது இதுதான். அந்த வருஷத்திலிருந்து சின்னவன் அரிசிக் கணக்கை விட்டுவிட்டு, உமியோடு நெல்லாகவே கணக்குக் கொடுத்திருக்கிறான். பெரியவன் எப்போதும் போல அரிசிதான். நெல்லை அரைத்தால் மூன்றில் ஒரு பங்கு உமியும் தவிடுமாகப் போய்விடும். அதை அவள் கழிக்கவே இல்லை.

எப்படிக் கோட்டை விட்டோம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வருஷ எண்களை அவள் பதிந்தது ஆஸ்பத்திரியில், கணவரின் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில். "வேலைய முடி, நான் எங்க ஓடிடப் போறேன்" என்றார். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது தூங்கியிருந்தார். அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

அலுவலக இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எட்டு நாள்ல போகப்போறீங்க. யாரு வந்து உமியத் தோண்டப் போறா? இத வெளிய சொன்னா உங்க பேருதான் கெடும், விட்டுத் தள்ளுங்கம்மா."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவளுக்கு இருந்ததே அந்தப் பேர் ஒன்றுதான்.

வராந்தாவில் நின்று வெளியூரில் இருக்கும் மகளைப் போனில் கூப்பிட்டாள். "மீட்டிங்மா, அப்புறம் பேசட்டுமா?"

மூன்று நாள் உட்கார்ந்து, வருஷம் வருஷமாக உமியைக் கழித்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் சிவப்புக் கோடு கொஞ்சம் இறங்கியது. கடைசியில் அது நீலத்துக்குக் கீழேயே ஓடியது. அத்தனை வருஷத்தில் இரண்டும் சந்தித்த ஒரே புள்ளியும் அழிந்துபோனது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்துக்கு அடியில் "முந்தைய படத்தில் இருந்த பிழை என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சுவரில் தொங்கிய பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினாள்.

சாயங்காலம் பையை எடுக்கும்போது போன் அடித்தது. "அன்னிக்கு என்னவோ சொல்ல வந்தியேம்மா?"

"சின்னவன் பெரியவனத் தாண்டவே இல்லடி."

"யாரும்மா சின்னவன்?"

அவள் வாயெடுத்தாள். சொல்வதென்றால் அந்த ஆஸ்பத்திரி நாற்காலியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"உனக்கு நேரம் இருக்காடி?"

அந்தப் பக்கம் யாரோ மகளை எதற்கோ அழைக்கும் குரல் கேட்டது. அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். நீலமும் சிவப்பும் வரவர நெருங்கி, தொடாமலே, காகிதத்தின் ஓரம் வரை போய் நின்றிருந்தன.