இஸ்திரி போட்ட மருந்து

காலையிலிருந்து யோன்சுன்னால் சின்னக் கத்தரியைப் பிடிக்க முடியவில்லை. விரல் கணுக்கள் மறுபடி வீங்கியிருந்தன. மழை பிடித்துக்கொண்டதால் இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தேகு நகரத்தில் அவளும் கணவன் கித்தேவும் நடத்தும் சலவைக் கடையில் அவனுக்கு இஸ்திரி, அவளுக்குத் தையல். விரல் போனால் பாதிக் கடை போன மாதிரி.

வசந்தத்தின்போது மூட்டு டாக்டர் பழைய மாத்திரைகளோடு ஒரு மஞ்சள் கேப்சூலைச் சேர்த்திருந்தார். அடிப்படையில் அது மனச்சோர்வுக்கான மருந்து. வலி குறையும், வீக்கமும் குறையுமா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், நிச்சயமில்லை, பார்ப்போம் என்றார். மெல்ல மெல்ல விரல்கள் மடங்கின. விழிக்கும்போதே நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு பாரமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போயிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இன்ன மருந்து என்று மட்டும் கித்தேவிடம் சொன்னாள். மகள் யூரிக்குக் கல்யாணம் பேசுகிற நேரத்தில் இதெல்லாம் தேவையா என்று முணுமுணுத்தான்.

மருந்துக் கடையில் ஒவ்வொரு வேளை மாத்திரையையும் மெல்லிய தாள் பையில் அடைத்துச் சரமாகத் தருவார்கள். சாப்பிட்டதும் ஒன்றைக் கிழித்து, பார்க்காமலே வாயில் கொட்டிக்கொள்வாள். இன்று மதியம் கிழிக்க வரவில்லை. வெளிச்சத்தில் திருப்பியபோதுதான் கண்ணில் பட்டது. மருந்துக் கடை மெஷினில் ஒட்டிய விளிம்பில் பொடிக் கட்டங்கள் இருக்கும். இதில் ஒரு பக்கம் வழவழவென்று, சூடு மிஞ்சிய இஸ்திரி பட்ட துணி மாதிரி லேசாகப் பழுப்பேறியிருந்தது. உள்ளே மஞ்சள் கேப்சூல் இல்லை. சரத்தின் மற்ற பைகளிலும் இல்லை.

சரத்தை இஸ்திரி மேசையில் வைத்தாள்.

"எப்போலேருந்து?"

கித்தே பள்ளிச் சீருடை மடிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சம்பந்தி வீட்டுக்காரங்க வந்துட்டுப் போனதிலேருந்து."

"அப்போலேருந்துதான் தலை சுத்துது. சும்மா இருக்கையிலேயே அழுகை வருது. வயசாயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்." பையைத் தடவிப் பார்த்தாள். "திருட்டுலயும் என்ன நேர்த்தி. ஒரு சுருக்கம் இல்ல."

அவன் சிரிக்கவில்லை. மூட்டுக்கு எத்தனை மருந்து வேண்டுமானாலும் தின்னட்டும், மனசுக்கு என்றால் கித்தேகிட்ட அவளுக்கு என்ன குறை என்றுதானே நாலு பேர் கேட்பார்கள் என்றான்.

"நாலு பேர் கேக்கறது இருக்கட்டும். நீங்க கேட்டீங்களா, யூரி அப்பா?"

இஸ்திரி சீறி அடங்கியது. நாளைக்கு டாக்டரிடம் போகப்போவதாகவும், எடுத்தது யாரென்று அவனே வந்து சொல்லட்டும் என்றும் சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

வெகுநேரம் கழித்து அவன் இஸ்திரியை அணைத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டுக்கொண்டான்.

"யூரி அம்மா. அந்த மருந்து... விரலுக்கு மட்டும்தான் கேட்டுதா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல."

கதவு திறந்தது. கை நிறைய ஈரத் துணியோடு ஒருவர் குடையை மடக்க முடியாமல் வாசலில் தடுமாறினார். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.