முந்திக்கொண்ட மஃரிப்

ஒலிபரப்பு என்பது யாரும் யாருக்கும் கற்றுத்தரக்கூடிய ஒன்றல்ல. அது பிறக்கும்போதே தொண்டையில் இருக்க வேண்டும். இல்லாதவர்களின் மனசு நோகக்கூடாது என்றுதான் உலகம் பயிற்சி என்ற ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறது. இந்தோனேசியாவின் சுரபாயாவில் ஊடகப் படிப்பில் மூன்றாம் வருடம் இருந்த பாண்டு, மடியூன் நகரத்து ரேடியோ சுவாரா கெந்தெங்கின் மாடிப்படியில் நின்று இந்த உண்மையை வெளியிட்டான். கேட்டுக்கொண்டிருந்தவர் வாசல் காவலர் ஒருவர்தான். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செருப்ப வெளியில விடுங்க தம்பி" என்றார்.

கூரை ஓடு விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது நிலையம். நான்கு மாதம் இங்கே பயிற்சி முடித்தால்தான் கல்லூரி பட்டம் தரும். வந்தவர்கள் எல்லோரையும் முதலில் உட்கார வைப்பது மைக்கின் முன்னால் அல்ல, தொலைபேசி நாற்காலியில். பாட்டுக் கேட்டு, வாழ்த்துச் சொல்லச் சொல்லி, சும்மா புலம்ப என்று ஊரே அந்த எண்ணுக்கு அழைக்கும். அழைக்கிறவர் பேசுவார், பயிற்சிக்கு வந்தவர் கேட்க வேண்டும். நிலையத் தலைவி ஹர்தாத்தி அம்மாள் இருபது வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தொடங்கியவர். மின்கருவிகளைப் பார்க்கும் சுகெங்கும் அப்படித்தான். இப்போது தலைநகரத் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் ஒருத்தியும் அதில் உட்கார்ந்து போனவள்தான். இதையெல்லாம் சொன்னபோது பாண்டு நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தான். ஒரு கால் ஆடியது.

அவன் வந்தபோது அதில் இருந்தவள் நிங்ரும். உள்ளூர்க் கல்லூரி, அவன் வயதுதான். மாலை நேர அறிவிப்பாளர் கல்யாணம் செய்துகொண்டு கலிமந்தான் தீவுக்குப் போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. பயிற்சி முடியும் நாளில் தனக்கு அது கிடைக்குமா என்ற ஒரே கவலையில் நிங்ரும் நகத்தையெல்லாம் தின்று தீர்த்திருந்தாள். அவளுக்குப் பயிற்சி முடிவது ரமலானின் நடுவில் வந்த ஒரு வியாழக்கிழமை.

"ம்ம்... சொல்லுங்கம்மா... ம்ம்... எந்த மாமாவுக்கு வாழ்த்து? கால் ஒடிஞ்சவரா, கடன் வாங்கிட்டு ஓடினவரா?... ம்ம்... ரெண்டும் ஒரே ஆளா!"

"நீ ரேடியோ ஸ்டேஷன்ல இருக்கியா, கல்யாண வீட்டு வாசல்ல இருக்கியா?" என்றான் பாண்டு.

"வாசல்லதான். உன்ன மாதிரி ஆளுங்க செருப்ப மாத்திப் போட்டுட்டுப் போகாம பாத்துக்கறேன்."

"அறிவிப்பாளர்னா பேசணும். நீ நாள் பூரா 'ம்ம் ம்ம்'னு மாடு மாதிரி..."

"மாடு பால் குடுக்கும். நீ என்ன குடுப்ப?"

அவன் அதற்கும் அசரவில்லை. கீழே ஓட்டுக்கடைப் பையன்களிடம் அவளை 'ம்ம் மகாராணி' என்றே குறிப்பிட்டான். அவள் தொலைபேசியில் பேசுவதைப் போலவே பேசியும் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு நடிப்பும் பிறப்பிலேயே வந்திருந்தது.

வியாழக்கிழமை மாலை மின்சாரம் ஒருமுறை போய் வந்தது. சூரியன் மறைந்ததும் நோன்பு திறக்கச் சொல்லும் மஃரிப் பாங்கைத் தானாகவே போடும் கணினி அதோடு படுத்துக்கொண்டது. கையால்தான் போட வேண்டும். சுகெங் நோன்பு திறக்கத் தின்பண்டம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். ஹர்தாத்தி அம்மாள் கீழே கடைக்காரரோடு, தேங்காய்ப்பாலில் வாழைப்பழம் வேகவைத்த கோலாக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நிங்ருமுக்கு இரண்டு காதிலும் தொலைபேசி.

"நான் போடறேன், நீ பேசு" என்றான் பாண்டு.

அவள் ஒரு தொலைபேசியைக் கையால் பொத்தினாள். "இன்னிக்கு என் ஷிஃப்ட், பாண்டு. விளையாடாத. சுவத்துல அட்டவணை ஒட்டியிருக்கு, அதப் பாத்துப் போடு."

"என் ஃபோன் செயற்கைக்கோளப் பாத்துச் சொல்லுது. உன் சுவரு எதப் பாத்துச் சொல்லுது?"

அவள் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். மறுமுனையில் ஒரு கிழவர் மருமகளைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். "ம்ம்" என்றாள்.

பாண்டு மைக்கின் முன்னால் அமர்ந்தான். கைபேசி மணியடித்தது. ஒலியைக் கூட்டும் ஃபேடரை ஏற்றினான். "மடியூன் நகரத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் மஃரிப் நேரம் வந்துவிட்டது" என்றான். காற்றில் போன அவனுடைய முதல் வாக்கியம். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, உண்மை என்ற ஒன்றைத் தவிர. பாங்கு ஒலித்தது. நிங்ரும் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாள். பாண்டு ஒரு குவளைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். தன் குரலுக்குப் பின் ஊர் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஜன்னலைத் திறந்தான்.

ஊர் குடித்துக்கொண்டிருந்தது. கடலைக் குழம்பு ஊற்றிய கீரை விற்கும் பெச்செல் கடை ரேடியோவைச் சுற்றி நின்றவர்கள், சிக்னலில் நின்ற மோட்டார் சைக்கிள்காரர்கள், ஓட்டுக்கடைச் சிப்பந்திகள், எல்லோரும். எதிர்ப் பள்ளிவாசலின் முற்றத்தில் மட்டும் நோன்பு திறக்கும் நேரத்துக்கு அடிக்கும் முரசின் கோலைக் கையில் பிடித்தபடி ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அவர் குடிக்கவில்லை, முரசையும் அடிக்கவில்லை. வாய் பிளந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி!" என்று கத்தினார். "என்ன பண்ணித் தொலைச்ச? இன்னும் நேரம் ஆகலயே!"

அந்தக் குரல் தெருவில் விழுந்த இடத்திலெல்லாம் குவளைகள் பாதி வழியில் நின்றன. போக்குவரத்துக் காவலர் ஒருவர் கன்னத்தில் ஒரு துண்டு தெம்பே சோயாப் பொரியலோடு உறைந்து போனார். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. பெச்செல் கடைக்காரர் ரேடியோவை ஏதோ பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பாண்டு கைபேசியைப் பார்த்தான். தொழுகை நேரம் காட்டும் செயலியின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் 'சுரபாயா' என்றிருந்தது. சுரபாயா கிழக்கே இருக்கிறது. சூரியன் அங்கே முதலில் மறையும். மடியூனுக்கு அஞ்சு நிமிஷம் கழித்துத்தான். ஊரைவிட்டு வந்தவன் கைபேசிக்குள் ஊரை மாற்றவில்லை.

அந்த அஞ்சு நிமிஷம் முடிந்ததும் நகரத்தின் எல்லாப் பள்ளிவாசல்களிலிருந்தும் உண்மையான பாங்கு ஒன்றாக எழுந்தது. அதைவிட அழகாக யாரும் பாண்டுவின் கன்னத்தில் அறைந்திருக்க முடியாது.

ஹர்தாத்தி அம்மாள் படியேறி வந்தார். கையில் காலிக் கிண்ணம். உதட்டோரத்தில் தேங்காய்ப்பால்.

"யாரு போட்டது?" அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாப்பது வருஷமா நோன்பு வைக்கிறேன். ஒரு கிண்ணம் முழுசா சாப்பிட்டுட்டேன். வாழைப்பழம் வேற. யாரு?"

தொலைபேசிகள் எல்லாம் சேர்ந்து அலறின. நிங்ரும் எழுந்து நின்றாள். பேரீச்சங்கொட்டை அவள் உள்ளங்கையில் இருந்தது.

"என் ஷிஃப்ட், அம்மா."

"உன்னையா நான் சாயங்கால நேரத்துக்கு வெக்கலாம்னு நினைச்சேன்? நீ வீட்டுக்குக் கிளம்பு."

நிங்ரும் பாண்டுவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவனுக்குக் கோபப்பட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அவள் பையைத் தேட ஆரம்பித்தாள். பாண்டு வாயைத் திறந்தான். பிறப்பிலேயே தொண்டையில் வந்தது எதுவும் வரவில்லை. இரண்டாம் முயற்சியில் தவளை மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"நான்தான்மா. அவ சுவத்தப் பாக்கச் சொன்னா. நான் பாக்கல."

ஹர்தாத்தி அம்மாள் அவனை நிதானமாகப் பார்த்தார். "பிறவி அறிவிப்பாளர்தானே நீ? உக்காரு. எங்கிட்ட சொன்னத ஊருக்குச் சொல்லு."

அவன் உட்கார்ந்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. மடியூன் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். காவலரின் கன்னம் கண் முன்னால் வந்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. வானொலியில் மௌனத்தைவிடப் பெரிய தப்பு கிடையாது. அதையும் அவன் செய்துகொண்டிருந்தான்.

பின்னாலிருந்து ஒரு கை மைக்கைத் தன் பக்கம் திருப்பியது. பை தோளில் தொங்க, நின்றபடியே நிங்ரும் பேசினாள்.

"நிங்ரும் பேசறேன். ஃபோன்ல என் குரல் உங்களுக்குத் தெரியும். நாங்க தப்புப் பண்ணிட்டோம். சுரபாயா நேரத்துக்கு இங்க பாங்கு போட்டுட்டோம். உங்கள மாதிரியே நானும் சாப்பிட்டேன், ஒரு பேரீச்சம்பழம். கொட்டை இன்னும் கையிலதான் இருக்கு. எங்க தலைவி ஒரு கிண்ணம் கோலாக். திட்டணும்னா திட்டுங்க, ஃபோன எடுப்போம். இந்த நோன்புக்கு என்ன செய்யணும்னு உங்க பள்ளிவாசல்ல கேளுங்க, எங்ககிட்ட கேக்காதீங்க. நாங்க சொன்னா இன்னிக்கு யாரு நம்புவா? திரும்ப வெக்கணும்னு சொன்னாங்கன்னா பெருநாளுக்கப்புறம் ஒரு நாள் எல்லாரும் ஒண்ணா வெப்போம். நாங்களும் வெக்கிறோம். அன்னிக்கு சாயங்காலம் பாங்கு நான் போடறேன். சுவத்தப் பாத்து."

பாட்டைப் போட்டாள். விளக்கு அணைந்தது.

ஹர்தாத்தி அம்மாள் கிண்ணத்தைக் கீழே வைக்க இடம் தேடினார். "பெருநாளுக்கப்புறமா? உனக்கு இன்னியோட முடியுதேடி. யாரு உனக்கு வேலை குடுத்தா?"

"குடுக்கலையாம்மா?"

"ஊருக்கே சொல்லிட்டு எங்கிட்ட கேக்கிற."

"நேரலைல சொன்னதத் திரும்ப எடுக்க முடியாதுன்னு நீங்கதான் சொல்லுவீங்க."

தலைவி கிண்ணத்தை மேஜை மூலையில் வைத்தார். அந்த நாளில் ஏற்கெனவே போதுமான அதிர்ச்சியைப் பார்த்துவிட்டவர் என்பதால் சீக்கிரமே மீண்டார். "நாளைக்கு நாலு மணிக்கு வா. பையை இறக்கு. இப்ப அடுத்த பாட்டப் போடு, மொதல்ல."

நிங்ரும் அறிவிப்பாளர் இருக்கையில் அமர்ந்தாள். பாண்டு எழுந்து வழிவிட்டான். கீழே போகலாம், செருப்பை மாட்டிக்கொண்டு சுரபாயா பஸ்ஸைப் பிடிக்கலாம். யாரும் தடுக்கவில்லை. தொலைபேசி மட்டும் நிற்காமல் அடித்தது. எடுக்க ஆளில்லை.

அவன் போய் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தான். முதலில் ஒரு பெண்ணின் குரல் வெடித்தது. ஆறு வயதுப் பிள்ளையாம். வாழ்க்கையிலேயே முதல் முழு நோன்பாம். மதியம் மூணு மணிக்கு மயங்கப் பார்த்தும் தண்ணீர் வேண்டாம் என்றானாம். இப்போது நோன்பு முறிந்துபோச்சு என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறானாம். விளக்கம் சொல்ல பாண்டுவிடம் நிறைய இருந்தது. செயற்கைக்கோள், கிழக்கு, மேற்கு. அதையெல்லாம் விட்டுவிட்டு, "பையன்கிட்ட ஃபோனக் குடுங்கம்மா" என்றான்.

கடைசியில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் குரல் தொலைபேசிக்கு வந்தது.

"நீதான் அந்தத் தப்பான பாங்கு அண்ணனா?"

"ம்ம்" என்றான் பாண்டு. "சொல்லு."