பதிவிறக்கச் செருப்புகள்

அவனியாபுரத்தில் ராகேஷ் வீட்டு வாசலில், ஆள் வராமல் செருப்பு மட்டும் வரத் தொடங்கியது சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம். முதல் நாள் நாலைந்து ஜோடி. மாதக் கடைசியில் வாசல் கொள்ளவில்லை. ஒரு வீட்டின் முன்னால் அவ்வளவு செருப்பைக் கண்டால் நம் ஊரில் இரண்டே அர்த்தம்தான். பந்தல் இல்லாததால் கல்யாணம் இல்லையென்று முடிவு செய்து, எதிர்வீட்டுத் தமிழ்ச்செல்வி மாலையோடு கேதம் கேட்க வந்துவிட்டாள். ராகேஷின் மனைவி வசுந்தரா, “யாரும் சாகலைக்கா, டவுன்லோடு” என்று சொல்லி அவளுக்குக் காபி கொடுத்தாள். கேதத்துக்கு வாங்கிய மாலையைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதென்பதால் தமிழ்ச்செல்வி அதை ராகேஷின் ஸ்கூட்டருக்குப் போட்டுவிட்டுப் போனாள்.

ராகேஷ் கம்பெனி வேலை போக மிச்ச நேரத்தில் ஒரு மென்பொருள் எழுதியிருந்தான். பார்வையில்லாதவர்களுக்குக் கைபேசியில் வரும் தமிழைப் படித்துச் சொல்லும். இலவசம், யாரும் எடுக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஒருமுறை அது இறக்கப்பட்டால் வாசலில் ஒரு ஜோடி செருப்பு. திரையில் காட்டும் எண்ணிக்கையோடு ஒத்துப்பார்த்தான், பிசகே இல்லை. இத்தனை பேர் காது கொடுக்கிறார்களே என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவன் கூட வேலை பார்க்கும் செல்வக்குமார். “மாப்ள, இதுல முக்காவாசி மெசினு. ஒரு கம்ப்யூட்டரு டெஸ்ட் பண்றப்பல்லாம் மறுபடி மறுபடி இறக்கும். மனுசன் எம்புட்டுப் பேருன்னு எவனாலயும் சொல்ல முடியாது” என்றான். அன்று மாலையே ராகேஷ் செருப்புகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். ஒன்றின் அடியிலும் தேய்மானமோ மண்ணோ இல்லை.

அதற்கப்புறம் வருடங்கள் இப்படியே போயின. மாநகராட்சி லாரி திங்கட்கிழமை அள்ளிப் போனால் செவ்வாய்க்கிழமை ஜன்னல் மறைந்தது. ஜல்லிக்கட்டுக்கு வந்த கூட்டம் ஆளுக்கொரு ஜோடி மாட்டிப் பார்த்தது. யாருக்கும் சேரவில்லை, எல்லோரையும் கடித்தது. வெளிநாட்டில் ஒரு பெரிய நிறுவனம் எதையோ சோதித்த வாரத்தில் மட்டும் லட்சத்துக்கு மேல் விழுந்து, ஷேர் ஆட்டோக்கள் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போயின. பயன்படுத்துகிறவர்கள் ஒரு வரி எழுதுங்கள் என்று ராகேஷ் மென்பொருளிலேயே கேட்டு வைத்தான். வந்தது ஒரே பதில். அதையும் ஒரு இயந்திரம்தான் எழுதியிருந்தது. அவன் ஒடிந்துபோனான்.

வசுந்தராவுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலானபோது செருப்புப் பேச்சு முற்றியது. அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், அவள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க. மாற்றல் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு இந்தச் செருப்போடயே குடும்பம் நடத்துறேன். இல்லன்னா பொங்கலுக்கு முன்னாடி அந்த மென்பொருளை மூடிருங்க.” நியாயமான பேச்சுதான். மூடிய பிறகு யாராவது ஒருவர் எங்கோ கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு தவித்தால் என்ன செய்வது என்பதுதான் ராகேஷின் பயம். அந்த ஒருவர் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள அவனுக்கு வழியே இல்லை. மார்கழிக் கடைசியில் பாத்திரங்களைக் கட்டினார்கள்.

மூடுவதாக இருந்த அன்று காலை, ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் திருவாதவூர் அன்னக்கொடியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவளுக்குப் பார்வை இல்லை. சோலைமலை முருகனுக்கு மாலை போட்டிருந்ததால் காலில் செருப்பும் இல்லை. செருப்புக் குவியலின் மேல் ஏறி, இறங்கி, உள்ளே வந்தாள்.

“நீங்கதான் அந்தப் படிக்கிற பொட்டியா அண்ணே? கடைசியில ஒங்க பேரும் ஊரும் சொல்லுது.”

எங்கே இறக்கினாய் என்று ராகேஷ் பதறிக்கொண்டு கேட்டான். அவள் எங்கேயும் இறக்கவில்லை. மேலூரில் ஒருவர் போனிலிருந்து ஏற்றிக்கொண்டாளாம். அவருக்கு இன்னொருவர் ஏற்றியது. “எங்கள மாதிரி கண்ணு தெரியாதவுக நாப்பது அம்பது பேரு வச்சிருக்கோம். ஒருத்தருக்கொருத்தர் ஏத்திக்கிறதுதான்.” லட்சக்கணக்கான செருப்பில், முதன்முதலில் யாரோ இறக்கிய ஒரு ஜோடி போக, அவர்களுடையது ஒன்றுகூட இல்லை.

அவள் வந்தது பாராட்ட அல்ல. கைபேசியை நீட்டினாள். சண்டை போட்டுக்கொண்டு கேரளாவுக்குப் போன அவள் புருஷன் பேச்சிமுத்து, எட்டு மாதம் கழித்து அனுப்பிய செய்தி. இயந்திரம் படித்தது: “வியாழக்கிழமை வாரம்.”

“இம்புட்டு நாள் கழிச்சு, வயல வாரத்துக்கு விட்டு வெளச்சல்ல பங்கு வாங்குறதப் பத்தித்தான் பேச்சான்னு எனக்கு ஆத்திரம்ணே. வீட்டப் பூட்டிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டேன். அவரு வியாழக்கெழம வந்து, பூட்டப் பாத்துட்டுப் போயிட்டாரு. நம்பரும் மாத்திட்டாரு. எங்க மதினி இப்பத்தான் படிச்சுச் சொன்னா, அது வாரம் இல்லையாம்.”

ராகேஷ் திரையைப் பார்த்தான். ‘வியாழக்கிழமை வாரேன்’ என்றிருந்தது. தெரியாத சொல் வந்தால் அகராதியில் அதற்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லைப் படிக்கும்படி எழுதியவன் அவன்தான். அந்த அகராதியில் ‘வருகிறேன்’ இருந்தது, ‘வாரம்’ இருந்தது. தெருவில் தினமும் பத்துத் தடவை அவன் வாயிலேயே வரும் ‘வாரேன்’ இல்லை. எழுத வேண்டிய சொல்லென்று அது அவனுக்குத் தோன்றியதே இல்லை.

வசுந்தரா பாத்திர மூட்டையை அவிழ்த்து, அன்னக்கொடிக்குத் தண்ணீர் கொடுத்தாள். ராகேஷ் அந்த ஒரு சொல்லைச் சேர்த்து, ஒயர் மாட்டி அவள் போனில் நேரடியாக ஏற்றினான். அதற்கு வாசலில் செருப்பு விழவில்லை. மற்ற நாற்பது ஐம்பது போன்களுக்கும் இனி ஊர் ஊராகப் போய்த்தான் ஏற்ற வேண்டும். போகிறேன் என்றான்.

அன்னக்கொடி போனைக் காதோடு அழுத்தி அந்தப் பழைய செய்தியை ஓடவிட்டாள்.

“வியாழக்கிழமை வாரேன்.”

இன்னொருமுறை கேட்டாள். வெளியே வழக்கம்போல் செருப்புகள் விழுந்துகொண்டிருந்தன.

“இப்பச் சரியாச் சொல்லுதுண்ணே” என்றாள்.